சொட்டு எண்ணுகிற ஆள்

"ரெண்டு பாட்டில் ஏத்திவிட்டா ஒரு தெளிச்சம் வரும்." கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் இதைச் சொல்ல மருத்துவர் வேண்டாம், வாசல்படியில் இருக்கிற அத்தையே சொல்லிவிடுவாள். சித்தப்பாவுக்கு 74 வயது. நாலு நாளாகச் சோர்வு, சோறு இறங்கவில்லை. தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பெயர் வேண்டாம். நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நர்ஸ் ஊசியைச் செருகி, பிளாஸ்திரி ஒட்டி, சொட்டைச் சரிசெய்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். கடைசி பஸ் போய்விடுமே என்று தம்பி குழாயில் இருக்கிற சின்னச் சக்கரத்தைப் பெருவிரலால் மேலே உருட்டினான். சொட்டு கம்பியாக ஓடியது. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு பாட்டிலும் காலி. பஸ்ஸைப் பிடித்தோம். நள்ளிரவில் சித்தப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். படுத்தால் மூச்சு இல்லை, இருமினால் நுரை.

அந்தப் பாட்டிலில் அப்படி என்னதான் இருக்கிறது? குளுக்கோஸ் பாட்டில் என்றால் 500 மி.லி. தண்ணீரில் 25 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ 100 கலோரி. ரெண்டு மூன்று மட்டிப்பழம் உரித்துக் கொடுத்தால் அவ்வளவு தெம்பு கிடைத்துவிடும். சலைன் என்றால் 4.5 கிராம் உப்பு. ஒரு நாள் முழுக்க ஒருவர் உண்ணும் உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரெண்டு பாட்டில் சலைன் ஏற்றினால் கிட்டத்தட்ட ரெண்டு நாள் உப்பு, அதுவும் நேரே ரத்தத்தில். தளர்ந்த இதயமும் பழுதான சிறுநீரகமும் அதை வெளியேற்ற முடியாமல் நுரையீரலில் தேக்கிவிடும். சித்தப்பாவுக்கு நடந்தது அதுதான்.

இதனால் பாட்டிலே கெட்டது என்று சொல்ல வந்தேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1831-இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது, ஓ'ஷாக்னஸி என்ற 22 வயது மருத்துவர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, தண்ணீரும் உப்பும் வற்றிப்போயிருப்பதைக் கண்டார். வற்றியதைத் திருப்பிக் கொடுக்கலாமே என்ற அந்த யோசனையை, மறு ஆண்டு ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் தாமஸ் லாட்டா ரத்தக்குழாய் வழியே செய்து பார்த்தார். பிணம்போலக் கிடந்தவர்கள் கண் திறந்தார்கள். சிலர் பிறகு இறந்தும் போனார்கள், ஏனென்றால் பேதி நிற்கவில்லை, ஏற்றுவது நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து இது என்பதை லாட்டா முதல் நாளிலேயே கற்றார். ஓ'ஷாக்னஸி பிறகு கல்கத்தா வந்து சேர்ந்தார். கஞ்சாவைத் தசைப்பிடிப்புக்கும் வலிப்புக்கும் கொடுத்துப் பார்த்து 1839-இல் எழுதினார். இந்தக் கட்டுரையின் இரண்டு சரக்குக்கும், பாட்டிலுக்கும் பின்னால் வரப்போகிற உறக்க மருந்துக்கும், ஒரே ஆளின் கைராசி உண்டு என்பது எனக்கு ஒரு வேடிக்கை.

லாட்டாவுக்கு ஆறு ஆண்டு கழித்து, 1838-இல், நம் நெய்யூரில் ஆர்ச்சிபால்டு ராம்சே மிஷன் மருத்துவத்தைத் தொடங்கினார். அங்கே பின்னாளில் வந்த சாமர்வெல், எவரெஸ்டில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தவர், குடற்புண்ணை அறுத்தே பேர்வாங்கினார். அந்தப் புண் முற்றி இரைப்பையின் வாசல் அடைத்துக்கொண்டால் தின்றதெல்லாம் வாந்தியாகும். அமிலமும் உப்பும் சேர்ந்து வெளியேறி உடம்பு வாடிவிடும். அப்படி வருகிறவருக்கு இன்றைக்கும் சலைன்தான் சரியான மருந்து. ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால்வெட்டப் போய்ப் பாம்பு கடித்து வருகிறவருக்கு, விஷமுறிவு மருந்து 10 குப்பியைக் கலந்து ஏற்றுவதும் இதே சலைனில்தான். பாட்டிலின் பலம் இங்கே தெரிகிறது.

வாயால் குடிக்க முடிகிறவருக்கு ஏற்றும்போதுதான் அது பலவீனமாகிறது. 1971-இல் வங்கதேசப் போரில் ஓடிவந்த அகதிகளின் பொங்காவ் முகாமில் காலரா பரவி, சலைன் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் டிரம்மில் கலந்து உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்க வைத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. கஞ்சிவெள்ளத்தில் உப்பு போட்டுக் குடிக்கும் நம் ஊருக்கு இது புதிதாகத் தோன்றாது. அரிசிக் கரைசல் காலரா பேதியைக் குறைப்பது ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. ஆனாலும் பேதி என்று போனவரிடம் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பினால், "ஒண்ணும் பாக்கல்ல, பொடி தந்து விட்டுட்டாரு" என்று அடுத்த மருத்துவரைத் தேடுவோம். பாட்டில் கண்ணுக்குத் தெரிகிறது, காசுக்குக் கணக்கு காட்டுகிறது. மருத்துவர் மட்டும் குற்றவாளி இல்லை, கேட்டு வாங்குகிறோம்.

உண்மையான அவசரத்தில்கூட நிறைய ஏற்றுவது நல்லது என்ற நம்பிக்கை 2011-இல் ஆட்டம் கண்டது. உகாண்டா, கென்யா, தான்சானியாவில் கடுங்காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், விரைவாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம், அப்படி ஏற்றாமல் விட்டவர்களில் 7.3. பேதியில் வற்றிய குழந்தைகள் அந்த ஆய்வில் சேரவில்லை. செயற்கைச் சுவாசக் கருவிக்கு வழியில்லாத ஆஸ்பத்திரிகள் அவை. ஆகவே எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்த முடியாது. டெங்குவில் ரத்தக்குழாய் கசிகிற ஒன்றிரண்டு நாளில் அளந்து ஏற்றாவிட்டால் ஆபத்து, கசிவு நின்றபிறகும் ஏற்றிக்கொண்டிருந்தால் அதுவும் ஆபத்து. விபத்தில் ரத்தம் போனவருக்குச் சலைனை மட்டும் கொட்டினால் மிச்சமிருக்கிற ரத்தம் நீர்த்து, உறையும் சக்தியும் குறையும்.

உறக்க ஊசிக்கு வருகிறேன். இதன் நல்ல பக்கத்தை 2018-இல் உலகமே பார்த்தது. தாய்லாந்துக் குகையில் சிக்கிய பன்னிரண்டு சிறுவர்களையும் பயிற்சியாளரையும் கெட்டமின் ஊசியில் உறங்க வைத்துத்தான் நீருக்கடியில் கொண்டுவந்தார்கள். 1962-இல் உருவான அந்த மருந்து வலியையும் மறக்கடிக்கும். மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் விட்டுவைக்கும். முழங்கை விலகி அலறுகிற பிள்ளைக்கு அது வரம். நாலுபேர் கைகாலைப் பிடித்து அமுக்கித் தையல் போட்ட காலத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காலம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் நம் வழக்கத்தில் உறக்க ஊசி பாதி நேரம் வலிக்காகப் போடப்படுவதில்லை, சத்தத்துக்காகப் போடப்படுகிறது. ராத்திரி பைக்கில் விழுந்தவன் கட்டிலில் உருளுகிறான், கெட்ட வார்த்தை பேசுகிறான். குடித்திருப்பான் என்று ஒரு டயசிபாம். அமைதி. அவன் உருண்டது மூளையில் ரத்தம் கட்டியதாலோ, பிராணவாயு போதாமலோ, சர்க்கரை இறங்கியோ, வெறும் மூத்திரம் முட்டியோ இருக்கலாம். டயசிபாம் வலிமருந்தும் அல்ல. எலும்பு முறிந்தவன் வலியோடேயே வாயடைத்துக் கிடப்பான். கட்டுவிரியன் கடித்தவன் பதறுகிறான் என்று உறங்க வைத்தால், இமை தாழ்வது விஷமா மருந்தா என்று எப்படிச் சொல்வது? நினைவு மங்குவதுதான் தலைக்காயத்தில் முதல் தடயம். அதை நாமே அழித்துவிட்டுப் பிறகு தேடுகிறோம்.

அதற்குமேல் ஒரு பயணம் இருக்கிறது. "திருவனந்தபுரம் கொண்டு போங்க" என்ற சொல் இந்த மாவட்டத்தில் எத்தனை இரவுகளில் கேட்டிருக்கும்! மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலில் ஒன்றரை மணி நேரம், ரெண்டு மணி நேரம். வழியில் ஆட்டம் போடாமலிருக்க ஊசி போட்டு ஏற்றிவிடுகிறார்கள். 2008-இல் வந்த 108 வண்டியில் பயிற்சி பெற்ற உதவியாளர் இருப்பார். ஓட்டுநரையும் அழுகிற மச்சானையும் தவிர யாரும் இல்லாத தனியார் வண்டியும் உண்டு. நாக்கு பின்னால் சரிந்து மூச்சு அடைத்தால் தாடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கை வண்டியில் இல்லை. பிராணவாயுக் குழாய் மாட்டியிருந்தால் விரலில் போட்ட கருவியின் எண் வெகுநேரம் நன்றாகவே காட்டும். மூச்சு குறைந்தது தெரியும்போது நேரம் போயிருக்கும். வெளிவிடும் காற்றை அளக்கிற கருவி முன்பே சொல்லும், அது எத்தனை வண்டியில் இருக்கிறது? 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தால் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் செலவுக்கு வழி பிறந்தது. மருந்துக்குப் பஞ்சம் என்று இனி பெரிதாகச் சொல்ல முடியாது. மருந்து போட்டபின் பக்கத்தில் நிற்கிற ஆளுக்குத்தான் பஞ்சம். அந்த ஆள் இல்லாத இடத்தில் ஊசியைத் தள்ளிப்போடுவதே நல்ல வைத்தியம் என்பேன்; நோயாளி கத்தினாலும்.

சித்தப்பாவை அந்த ராத்திரி ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிராணவாயு, மூத்திரம் பிரிய ஊசி. விடியும்போது சாய்ந்து படுத்தார். அடுத்த கட்டிலில் டெங்கு காய்ச்சல் பையன் ஒருவன். பயிற்சிக்கு வந்த நர்ஸ் பிள்ளை கைக்கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து, உதடு அசைய அசைய ஒரு நிமிஷம் அவனுடைய சொட்டை எண்ணினாள். பாட்டிலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் நேரத்தை எழுதினாள். என் தம்பி எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, அந்தச் சக்கரத்துல கை வைக்கப்பிடாது, என்ன?"

அவன் ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.