‘மஞ்சள் சுவர்க்காகிதம்’: பெண்ணின் நோயும் வைத்தியர் செவியும்

ஒரு கதையை மதிப்பிடப் புகுவோர் நடை இனிது, பாத்திரங்கள் பொருத்தம், முடிவு சோகம் என்று மூன்று வார்த்தை சொல்லி நிறுத்திவிடுவது போதாது. அக்கதை எந்தத் தீமையைச் சுட்டிற்று, அத்தீமை இன்றும் உளதா, நம் வீட்டிலும் நம் தோட்டத்திலும் அது உண்டா என்று கேட்பதே விமர்சனத்தின் கடமை என்பது நம் அபிப்பிராயம். இவ்வளவுகோலைக் கொண்டு, அமெரிக்க ஆசிரியை சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் எழுதி, 1892ஆம் ஆண்டு ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து மாகஸீன்’ என்னும் பத்திரிகையில் வெளிவந்த ‘மஞ்சள் சுவர்க்காகிதம்’ என்ற சிறுகதையை இங்கு ஆராய்வோம். ஆங்கிலம் கற்ற நேயர்கள் சிலர் இதனை அறிந்திருக்கலாம். ஏனையோர் பொருட்டுக் கதையைச் சுருக்கிச் சொல்லுகிறோம்.

கைக்குழந்தையின் தாயொருத்தி மனச்சோர்வால் வாடுகிறாள். அவள் கணவன் ஜான் ஒரு வைத்தியன். அவளுடைய சகோதரனும் வைத்தியனே. மெய்யான நோய் ஏதுமில்லை, வெறும் நரம்புத் தளர்ச்சிதான் என்று இருவரும் தீர்ப்பளித்துவிடுகிறார்கள். கோடைகாலத்திற்கென வாடகைக்கு எடுத்த பழைய மாளிகையின் மாடியில், சன்னல்களுக்குக் கம்பியிட்ட அறையொன்றில் அவள் வைக்கப்படுகிறாள். வேலை செய்யலாகாது, எழுதலாகாது என்பது கட்டளை. மனதுக்குப் பிடித்த வேலையும் மனிதர் கூட்டுறவும் கிடைத்தால் தேறிவிடலாம் என்று அவள் நம்புகிறாள். அந்நம்பிக்கையைக் கேட்பாரில்லை. சுவரில் ஒட்டிய மஞ்சட் காகிதத்தின் கோலத்தையே நாளெல்லாம் பார்த்துப் பார்த்து, அதன் பின்னே ஒரு பெண் சிறைப்பட்டிருப்பதாகக் காண்கிறாள். முடிவில் காகிதத்தைக் கிழித்தெறிந்து, தானே அப்பெண் எனக் கருதித் தரையில் தவழ்கிறாள். கதவைத் திறந்து கண்ட கணவன் மூர்ச்சித்து விழுகிறான்.

இது வெறுங் கற்பனையன்று. 1885ஆம் ஆண்டு பெண் குழந்தை பெற்றபின் கில்மன் அம்மையார் கடும் மனச்சோர்வுக்கு உள்ளானார். 1887இல் பிலடெல்பியா நகரத்துப் பிரபல நரம்பு வைத்தியரான சைலஸ் வீர் மிட்செல் என்பாரிடம் சென்றார். வாரக்கணக்கில் படுக்கையிற் கிடத்தி, உற்றாரிடமிருந்து பிரித்து, கொழுக்க உணவூட்டுவது அவ்வைத்தியர் புகழ்பெறச் செய்த ‘ஓய்வுச் சிகிச்சை’. அம்மையாரை வீட்டுக்கு அனுப்புகையில், குடும்ப வேலையோடு நின்றுகொள்ள வேண்டும், அறிவு சம்பந்தமான காரியம் நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேற் கூடாது, இனி வாழ்நாளெல்லாம் பேனாவைத் தொடலாகாது என்று விதித்தார். அவ்வாறே சுமார் மூன்று மாதம் நடந்து, பைத்தியத்தின் எல்லைவரை சென்றதாகவும், பின் அவ்விதியை உதறி வேலைக்குத் திரும்பியே பிழைத்ததாகவும் அம்மையார் 1913இல் தமது ‘ஃபோர்ரன்னர்’ பத்திரிகையில் எழுதினார்.

அதே மிட்செலிடம் 1885இல் ஓவன் விஸ்டர் என்னும் வாலிபரும் நலங்குன்றிச் சென்றார். அவருக்கு விதித்த மருந்தோ வேறு. மேற்கே வயோமிங் பிரதேசத்துக்குப் போய்த் திறந்தவெளியில் வாழுமாறு அவர் ஏவப்பட்டார். குதிரையேற்றமும் வேட்டையுமாகத் திரிந்த அவ்வாலிபர், அங்கு கண்டவற்றைக் கொண்டு பிற்காலத்தில் ‘தி வர்ஜீனியன்’ என்னும் நாவலை எழுதி 1902இல் பெரும் புகழடைந்தார். வைத்தியர் ஒருவரே, காலமும் ஏறத்தாழ ஒன்றே. ஆணுக்கு வெளியும் பெண்ணுக்கு அறையும் ஏன் என்றால், உடலைப் பார்த்துச் சொன்ன மருந்தல்ல, பாலைப் பார்த்துச் சொன்ன மருந்து என்பதைத் தவிர வேறு விடையில்லை.

கதையின் முதற் சிறப்பு, ஜானைக் கொடியவனாகக் காட்டாதது. அவன் மனைவியை நேசிக்கிறான், அவளுக்காகவே செலவழிக்கிறான். ஆனால் அவள் தன் உடம்பைப் பற்றி வாய் திறந்தால் சிரிக்கிறான், கொஞ்சுகிறான், பேச்சை மாற்றுகிறான். கொடியவன் ஒருவனை வைத்து எழுதியிருந்தால், நாம் அப்படியில்லை என்று ஒவ்வோர் ஆண்மகனும் தப்பித்துக்கொள்வான். இங்கு தப்ப வழியில்லை. இரண்டாவது சிறப்பு கதை சொல்லும் முறை. காலடி கேட்டதும் எழுதுவதை மறைத்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் இரகசியக் குறிப்புகளாகவே கதை முழுவதும் அமைந்துள்ளது. அவள் சொல் காகிதத்திலன்றி வேறெங்கும் செல்லவில்லை என்பதை அம்முறையே தெரிவித்துவிடுகிறது. நெடுங்காலம் இதைப் பேய்க்கதைகளோடு சேர்த்துப் படித்தவர் பலர். 1973இல் பெண்ணியப் பதிப்பகம் ஒன்று தனி நூலாக வெளியிட்ட பிறகே இதன் உட்பொருள் பரவலாக உணரப்பட்டது.

குறையும் உண்டு. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் மேரி என்னும் தாதி கதையில் ஓரிரு வரிகளில் வந்து மறைகிறாள். இரவெல்லாம் விழித்துப் பிறர் பிள்ளையைச் சுமக்கும் அவள் உடம்புக்கு என்ன என்று ஆசிரியை கேட்கவில்லை. அம்மையாரின் பிற்கால எழுத்துக்களில் கறுப்பின மக்களையும் குடியேறி வந்தோரையும் தாழ்த்தும் கருத்துக்கள் காணப்படுகின்றன. பிறப்பால் உயர்வு தாழ்வு பேசுதலை மறுக்கும் நாம் இதை மூடி மறைத்தல் தகாது.

கதை பழையதாயினும் அதிற் கண்ட தீமை பழங்கதையாகிவிடவில்லை. கருப்பை என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த ‘ஹிஸ்டீரியா’ என்ற நோய்ப்பெயர், அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் அட்டவணையிலிருந்து 1980இல்தான் நீங்கிற்று. கருத்தரிக்கக்கூடிய பெண்களைப் புதுமருந்துகளின் ஆரம்பப் பரிசோதனைகளிலிருந்து விலக்குமாறு அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 1977இல் நெறி வகுத்தது. 1993இல்தான் அது மாற்றப்பட்டது. அரசாங்கப் பணத்தில் நடக்கும் வைத்திய ஆராய்ச்சியில் பெண்களும் இடம்பெற வேண்டும் என்ற சட்டமும் அவ்வாண்டே வந்தது. ‘சோல்பிடம்’ என்னும் தூக்க மருந்து பெண்கள் உடம்பிலிருந்து மெதுவாகவே நீங்குகிறது என்று கண்டு, அவர்களுக்குரிய அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தது 2013இல். அம்மருந்து விற்பனைக்கு வந்து அப்போது இருபதாண்டு கடந்திருந்தது.

அமெரிக்காவை விடுவோம். தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நாம் நம் கணக்கையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் உதிரிப் பழம் பொறுக்கும் அம்மையார் ஒருவர் காலையில் ஆபீசு வாசலில் வந்து நின்று, “ரெண்டு நாளா முதுகு வலி, மூச்சு முட்டுது, உடம்பெல்லாம் அசதி ஐயா” என்றார். டிரஸர் தைலமும் வாயு மாத்திரையும் கொடுத்தனுப்பினார். நாமும் செக்ரோலில் ‘வரவில்லை’ என்று எழுதினோம். ‘நோய்’ என்று எழுதவில்லை. அதற்கு முந்தின மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த ஆண் தொழிலாளியைத் தோட்டத்து வண்டியிலேயே பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டவர்களும் நாங்களே. அம்மையாருக்கு வந்தது மாரடைப்பு என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. பெண்களுக்கு மாரடைப்பு வருகையில், நெஞ்சு வலியோடோ அஃதின்றியோ மூச்சுத் திணறலும் முதுகு வலியும் அசதியும் குமட்டலும் மிகுதியாகக் காணலாம் என்பதை நாம் பிறகே கற்றோம். அவர் உயிர் பிழைத்தார், வேலைக்குத் திரும்பவில்லை. ஜானின் சிரிப்பைப் படித்தபோது நம் பேனா நினைவுக்கு வந்தது.

அமெரிக்கச் சீமாட்டிக்கு வேண்டாத ஓய்வைத் திணித்தார்கள். நம் பெண்ணுக்கு வேண்டிய ஓய்வை மறுக்கிறோம். இரண்டிலும் அவள் சொல் செவியேறவில்லை. நம் நாட்டுத் தோட்டங்களில் மருந்தடிக்கும் தொழிலாளர்களைப் பற்றித் தெனாகனித்தா என்னும் அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலின் பெயரே ‘நஞ்சூட்டப்பட்டு வாயடைக்கப்பட்டோர்’ என்று பொருள்படும். அவ்வேலையைச் செய்வோருட் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தெளித்த ‘பராகுவாட்’ என்னும் களைக்கொல்லி மலேசியாவில் முற்றாகத் தடையானது 2020 ஜனவரியிலேயே.

ஆகவே தோழர்களே, இக்கதையைப் படித்து இரங்குவதோடு நில்லாதீர்கள். கிராணிகள், பெண் சொல்லும் நோயை அவள் சொன்னபடியே எழுதுக. கணவன்மார், வைத்தியர் முன் மனைவிக்குப் பதிலாகத் தாம் விடை சொல்லாதிருக்க. தொழிற்சங்கத்தார், தோட்டத்து மருந்தகங்களில் பெண் மருத்துவ ஊழியர் வேண்டுமென்றும், நோய்க் கணக்கை ஆண் பெண் எனத் தனித்தனியே வைக்க வேண்டுமென்றும் கேட்க. சகோதரிகளே, “ஒன்றுமில்லை, போ” என்று யார் சொன்னாலும், உங்கள் உடம்பு வேறு சொல்லுமாயின் மறுபடியும் போய்ச் சொல்லுங்கள். சீட்டு எழுத நாம் காத்திருக்கிறோம்.