தட்டிப் பார்க்கும் கலை

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களில் எனக்கு மிகப் பிடித்த நேரம், புதுக் கல் வந்து இறங்கும் நேரம். ஸ்தபதி உடனே உளியைத் தொடமாட்டார். சுத்தியலால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்றால் நல்ல கல். ஓரிடத்தில் ஒலி மந்தமானால் உள்ளே கீறல். கண் காணாததைக் காது சொல்லிவிடும்.

அதே ஊரின் வராக மண்டபத்தில் பல்லவச் சிற்பி பன்றி முகத்தில் தெய்வத்தைக் கண்டான். அதே செங்கல்பட்டு மாவட்டத்துக் காட்டுப்பாக்கத்தில், கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணையில் பன்றி வளர்ப்பே ஒரு படிப்பு. பன்றி வளர்க்கும் நாடுகளுக்கெல்லாம் பொதுவான கவலை, பால் மறந்த குட்டிகளை உருக்கிவிடும் சர்க்கோவைரஸ்-2. அதன் கூட்டின் குறுக்களவு ஏறத்தாழ 17 நானோமீட்டர். ஒரே புரதத்தின் 60 பிரதிகள் சேர்ந்து கட்டிய கூடு அது. ஒவ்வொரு பிரதியும் சுமார் 233 அமினோ அமிலங்கள் கோத்த சரம். பன்றியின் ஆன்டிபாடி அந்தச் சரத்தில் எங்கே பிடிக்கிறது? அதைக் கண்டுபிடிப்பதும் தட்டிப் பார்க்கும் கலைதான்.

இதற்கு வழி காட்டியவர் ஆய்வாளர் மரியோ கெய்சன். 1984-இல் கோமாரி வைரஸின் 213 அமினோ அமிலப் புரதம் ஒன்றை ஆறு ஆறாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டும் ஓர் எழுத்து, அதாவது ஓர் அமினோ அமிலம், மட்டும் நகரும்படி 208 துண்டுகள் செய்தார். ஒன்றின் வால் அடுத்ததன் தலை; அந்தாதி கட்டுவது போன்ற நேர்த்தி! எந்த இடமும் தட்டாமல் விடப்படவில்லை.

இன்று ஆய்வகத்தில் 96 குழித் தட்டில் குழிக்கொரு துண்டு ஒட்டி, பன்றியின் சீரத்தை ஊற்றிக் கழுவுவார்கள். ஆன்டிபாடி பிடித்த குழியில் மட்டும் நீலம் ஊறும். அமிலம் விட்டால் மஞ்சளாகும். அடுத்தது இன்னும் நுட்பமான வேலை. நிறம் காட்டிய துண்டில் ஒவ்வோர் எழுத்தாக மாற்றிப் பார்ப்பார்கள். எதை மாற்றினால் நிறம் அணைகிறதோ, அதுவே பிடி.

சர்க்கோவைரஸில் இப்படித் தேடியபோது 169 முதல் 180 வரையிலான பகுதி பலமாக ஒலித்தது. அதிலும் 173, 174, 175, 179 ஆகிய நான்கு எழுத்துகள் முக்கியம். நோயுற்ற பன்றிகளின் சீரத்தில் இதற்கு எதிரான ஆன்டிபாடி ஏராளம். ஆனால் அது காக்கவில்லை! கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத் திசைதிருப்பும் பொறி என்றே அடையாளம் கண்டார்கள். உதிரிப் புரதத்தில் எட்டும் அந்த இடம், கூடு முழுதாகச் சேர்ந்தபின் எட்டுவதில்லை. வைரஸை முடக்கும் ஆன்டிபாடிகளில் பல, சரத்தில் தள்ளித் தள்ளி இருந்து, மடிப்பில் அருகருகே வந்து சேரும் எழுத்துகளைப் பிடிக்கின்றன. முழுக் கூட்டைக் கொடுக்கும் தடுப்பூசி பலிப்பதன் சூட்சுமம் இதுவே.

இதை அறிந்த பிறகு ஸ்தபதியைப் பார்க்கும் என் பார்வையும் மாறிவிட்டது. கணீரென்று ஒலித்த இடத்தோடு அவர் திருப்தி அடைவதில்லை. ஆட்களைக் கூப்பிட்டுக் கல்லைப் புரட்டிப் போட்டு, அடிப்பக்கத்தையும் தட்டுகிறார்.