பரிந்துரையும் திறனாய்வும்: சுவா சூ காங் இல்லமொன்றில் எழுந்த வினா

முன்னுரை

திரைப்படம், ஆவணப்படம், இசையரங்கப் பதிவு ஆகியவற்றைப் பிறருக்குப் பரிந்துரைத்தல் திறனாய்வின் மிக எளிய வடிவமாகும். ஆய்வேடு எழுதாதவரும் இதனைச் செய்கின்றனர். எனினும் ஒரு பரிந்துரை எதனால் நல்லதாகிறது என்பதை நாம் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. அண்மையில் நமக்கு நேர்ந்த ஒரு பட்டறிவின் வழி இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினா எழுந்த சூழல்

பள்ளி விடுமுறை ஒன்றில், கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் சென்று, சுவா சூ காங் வட்டாரத்து வீவக அடுக்ககத்தில் வாழும் தமக்கையார் இல்லத்தில் தங்கியிருந்தோம். ஒருநாள் இரவு உணவிற்குப் பின் எந்தப் படத்தைப் பார்ப்பது என்ற பேச்சு எழுந்தது. மூத்தோர் கூறியவை யாவும் சென்னைத் திரைப்படங்களாகவே இருந்தன. பதினேழு அகவையுடைய மருமகள் அப்போது, "மாமா, நம்மளப் பத்தி எடுத்த படம் ஏதாவது இருக்கா?" என வினவினாள்.

அதற்கு மூத்தோர் 'பிரியா' (1978), 'நினைத்தாலே இனிக்கும்' (1979) ஆகிய இரண்டனையும் உடனே சுட்டினர். இரண்டிலும் சிங்கப்பூரின் காட்சிகள் நிறைந்துள்ளன என்பது உண்மையே. ஆனால் 'பிரியா'வுக்கு மூலமான சுஜாதாவின் நாவலில் கதைக்களம் இலண்டன் நகரமாகும். திரைக்கு வந்தபோது அது சிங்கப்பூராக மாறிற்று. ஊரை மாற்றியும் கதை நடக்குமாயின், அவ்வூரில் வாழ்வோர் அக்கதைக்கு இன்றியமையாதவர் அல்லர். அவை சிங்கப்பூரில் எடுக்கப்பட்டவை. சிங்கப்பூர்த் தமிழரைப் பற்றியவை அல்ல. மருமகளின் வினா விடையின்றியே நின்றது.

மூன்று திரைப்படங்கள்

எனவே நாம் மூன்று படங்களைப் பரிந்துரைத்தோம். முதலாவது, எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்' (2008). கான் திரைப்பட விழாவின் தலைமைப் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர்ப் படமான இதன் உரையாடல் பெரும்பாலும் தமிழிலேயே அமைந்துள்ளது. மனைவி பிரிந்துபோன குடிகாரத் தந்தை ஒருவர், மகனின் எதிர்காலத்திற்காகத் தாம் கைவிட்ட மாயவித்தையை மீண்டும் கையிலெடுக்கிறார். தந்தையாக நடித்த போஸ்கோ பிரான்சிஸ் உண்மை வாழ்விலும் மாயவித்தைக் கலைஞரே. ஆதலால் அவர்தம் பருத்த உடலே படத்தின் முதன்மைச் சான்றாக நிற்கிறது. துன்பத்தின் மேல் துன்பமாக அடுக்கிப் பார்வையாளரின் இரக்கத்தை வலிந்து பெற முயல்வது இப்படத்தின் குறை எனலாம்.

இரண்டாவது, கே. ராஜகோபால் இயக்கிய 'அ யெல்லோ பர்ட்' (2016). இதுவும் கான் விழாவில், திறனாய்வாளர் வாரப் பிரிவில் திரையிடப்பட்டது. சிறையிலிருந்து விடுதலை பெற்ற சிவா, தம்மை மன்னிக்க மறுக்கும் தாயிடமிருந்து விலகி, பிரிந்துபோன மனைவியையும் மகளையும் தேடி அலைகிறார். மிகக் குறைவாகவே பேசும் படம் இது. பிற மொழிகள் சூழ்ந்த நகரில் ஒரு தமிழர் மௌனமாகிப் போவதை அது விளக்கவில்லை, காட்டுகிறது.

மூன்றாவது, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய மலேசியத் தமிழ்ப் படமான 'ஜகாட்' (2015). 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்திற்கான விருதைப் பெற்றது. கெட்ட என்னும் பொருள்தரும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம் மக்கள் நாவில் பெற்ற வடிவமே படத்தின் தலைப்பாயிற்று. தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்பிற்கு வந்த குடும்பத்தில், கற்பனை வளமிக்க அப்போய் என்னும் சிறுவன் மெல்ல மெல்ல அச்சொல்லுக்கு உரியவனாக ஆக்கப்படுகிறான். மூன்றனுள் இதுவே வலிமை மிக்கது என்பது நம் கருத்து. வன்முறை எங்கிருந்து தொடங்குகிறது என்பதைத் தந்தையின் கையிலும் வகுப்பறையிலும் இது தேடுகிறது.

மருமகளின் மறுப்பு

மூன்றனையும் பார்த்து முடித்த மருமகள், "நம்ம ஆளுங்கன்னா குடி, ஜெயில், கேங்கு இவ்வளவுதானா?" என்றாள். இம்மறுப்பு எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே எடைபோட்டு நல்லதெனத் தேர்ந்தோம். மூன்றும் ஒருங்கு சேர்ந்து என்ன சொல்லும் என்பதை எண்ணத் தவறினோம். ஒரு படைப்பு தன் சமூகம் முழுவதற்கும் சான்றாக நிற்கக் கடமைப்பட்டதன்று. ஆனால் ஒரு பட்டியல் அவ்வாறு நிற்கவே செய்கிறது. படைப்பாளியின் மீது சுமத்தக்கூடாத அப்பொறுப்பு பரிந்துரைப்பவருக்கு உரியதாகும்.

மூத்தோர் இதற்கு மாற்றாக எம். எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் மன்றத்தில் 1966 அக்டோபர் 23 அன்று நிகழ்த்திய இசையரங்கின் ஒலிப்பதிவை முன்வைத்தனர். அது சிறந்த பதிவே. ஆனால் அவர்கள் அதனைப் பரிந்துரைத்த முறை ஒரு பதக்கத்தை எடுத்துக் காட்டுவது போன்றிருந்தது. அதில் எதனைக் கேட்க வேண்டும் என எவரும் கூறவில்லை. முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு மேலைநாட்டில் தனித்திருந்த ஆண்டுகளில் அதன் ஒலிநாடாவைப் பலமுறை கேட்டுள்ளோம். முதன்மைக் குரலை நிழல்போல் தொடர்ந்து வரும் ராதா விஸ்வநாதனின் குரலே அப்போது நமக்குத் துணையாயிற்று. அதனை மட்டும் கவனிக்குமாறு மருமகளிடம் கூறினோம். அவள் இருமுறை கேட்டாள். பெருமையை ஊட்டுவதினும் செவியைத் திறப்பதே பரிந்துரையின் பணி என்பது இதனால் புலனாகும்.

எதிர்பாராத விடை

இறுதியாக நாம் எடுத்துக் கூறியது டான் பின் பின் இயக்கிய 'மூவிங் ஹவுஸ்' (2001) என்னும் குறு ஆவணப்படம். சீனக் குடும்பம் ஒன்று தன் மூதாதையரின் கல்லறையைத் தோண்டி, எலும்புகளை எடுத்து, அஸ்திமாடத்திற்கு மாற்றுவதை இது பதிவு செய்கிறது. சடங்கிற்கு நடுவே சிரிப்பும் உணவும் குடும்பப் பேச்சும் இயல்பாக வந்து போகின்றன.

இப்படத்தை சுவா சூ காங்கில் பார்ப்பதற்குத் தனிப்பொருள் உண்டு. சிங்கப்பூரில் இன்றும் உடலடக்கத்திற்குத் திறந்திருக்கும் ஒரே பொது இடுகாடு அவ்வட்டாரத்துப் பெயரையே தாங்கியுள்ளது. இந்துக்களுக்கான பகுதியும் அங்குண்டு. 1998இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி ஓர் அடக்கத்திற்குரிய காலம் 15 ஆண்டுகளே. அதன்பின் கல்லறை தோண்டப்படும்.

படம் முடிந்தபின் மருமகள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இது நம்மளப் பத்தின படம்தான் மாமா" என்றாள். படத்தில் ஒரு தமிழரும் முதன்மை பெறவில்லை. ஒரு தமிழ் உரையாடலும் இல்லை. எனினும் 'நம்' என்னும் சொல்லின் எல்லை அவளுக்கு நம்மினும் விரிந்திருந்தது. இனத்தாலும் மொழியாலும் நாம் வகுத்த பட்டியலை அவள் மண்ணால் திருத்தினாள்.

முடிவுரை

இதனால் தமிழ்ப் படங்கள் தேவையில்லை என்று கொள்ளலாகாது. குடியும் சிறையும் அல்லாத தமிழ் வாழ்வு, அதாவது அடுக்ககத்தின் அன்றாடமும் தேர்வுக்கு முந்திய இரவும் முதியவரின் தனிமையும், திரையில் இன்னும் போதிய அளவு வரவில்லை என்னும் குறை அப்படியே நிற்கிறது. அதனைப் படைப்பாளரே நிறைவு செய்தல் வேண்டும். பரிந்துரைப்பவர் செய்யக்கூடியது சிறிதே: யாருக்காகப் பரிந்துரைக்கிறோம், எதனைக் காணவும் கேட்கவும் சொல்கிறோம், படைப்பு எங்கே தவறுகிறது என்னும் மூன்றனையும் மறையாது கூறுதல். இவற்றோடு, பரிந்துரையைப் பெற்றவர் திரும்பி வந்து கூறுவதைக் கேட்கும் பொறுமையும் வேண்டும். நம் பட்டியலில் 'மூவிங் ஹவுஸ்' கடைசியாக இருந்தது. இப்போது அதனை முதலில் வைத்துள்ளோம்.