'சின்' என்னும் ஆங்கிலச் சொல்லும் ஆணவமலமும்

நாஞ்சில் நாட்டுச் சுசீந்திரம் என்னும் ஊர்ப்பெயரிலேயே ஒரு சொல்லாராய்ச்சி அடங்கிக் கிடக்கின்றது. அகலிகை காரணமாகக் கௌதம முனிவராற் சபிக்கப்பட்ட இந்திரன் ஆண்டு வழிபட்டுச் சுசியாயினான், அஃதாவது தூய்மையுற்றான் என்பது தலபுராண வழக்கு. அத் தாணுமாலயன் கோயிலிலேயே பிற்காலத்துக் கைம்முக்கு என்னும் சத்தியப் பரீட்சையும் நிகழ்ந்தது. ஒழுக்கக்கேடு சாற்றப்பெற்ற நம்பூதிரி கொதிக்கும் நெய்யிற் கைதோய்த்துத் தன்மேற் பழியின்மையை மெய்ப்பித்தல் வேண்டும். திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாள் (1829–1846) ஆட்சியில் அவ்வழக்கம் ஒழிந்தது. சுசீந்திரத்திற்கு அணித்தாகிய மயிலாடியில், 1806-இல் திருவிதாங்கூர் புகுந்த லண்டன் மிஷன் போதகர் ரிங்கல்தோபே 1809-இல் கிறித்துவ ஆலயம் ஒன்று எடுப்பித்தார்.

இந்திரனை விட்டு நீங்கியது யாது? நெய்ச்சட்டி ஆராய்ந்தது யாது? மயிலாடிப் போதகர் மன்னிப்பு வேண்டுமாறு கற்பித்தது யாது? ஆங்கிலத்தில் எழுதப் புகுவோன் இம்மூன்றற்கும் 'சின்' என்னும் ஒரு சொல்லையே பெய்துவிடுதல் எளிது. அதனினும் எளிதாக, சைவ நூல்கள் கூறும் ஆணவமலத்திற்கு 'ஒரிஜினல் சின்' எனப் பெயரிட்டு அப்பாற் சென்றுவிடலாம். சென்றோரும் உளர். அங்ஙனம் சென்றதனாற் சித்தாந்தத்தின் அடிப்படையே இடம்பெயர்கின்றது என்பது ஆராயத்தக்கது.

ஆங்கிலம் இவற்றைப் பிரித்தறியாத மொழியன்று. நாட்டுச் சட்டத்தை மீறுவது 'கிரைம்'. பழகிப் படிந்த தீயொழுக்கம் 'வைஸ்'. செய்தான்மேல் நிற்கும் பழி 'கில்ட்'. கொள்ளைநோயையும் நிலநடுக்கத்தையும் உள்ளடக்கிய தீங்குப் பொது 'ஈவில்'. 'சின்' என்பதோ இறைவன் ஆணைக்கு மாறுபட்ட குற்றம். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு நேராக நிற்கும் 'ஹமார்த்தியா' என்னும் சொல், குறி தப்புதல் என்னும் பொருளடியாகப் பிறந்தது. எய்தவன் இன்றிக் குறி தப்புதல் இல்லை. அவ்வாறே செய்தவன், செயல், மீறப்பட்ட ஆணை என்னும் மூன்றனையும் 'சின்' வேண்டி நிற்கும்.

தமிழில் இதற்கு ஏறக்குறைய நேராவன பாவம், தீவினை என்பன. பாவம் என்பது தேவாரத்துள்ளும் பயின்ற சொல்லாகலின், தமிழ் விவிலியத்தார் அதனை எடுத்தாண்டது தக்கதே. வினை என்று பொதுப்படக் கூறின் பொருந்தாது. திருக்குறட் கடவுள் வாழ்த்தில் வரும் இருவினைக்கு உரைகூறிய பரிமேலழகர், நல்வினையும் பிறத்தற்கு ஏதுவாதல் பற்றி அதனையும் உடன்சேர்த்தமை காட்டினார். பொன்விலங்காயினும் இரும்பு விலங்காயினும் விலங்கு விலங்கே என்பது சைவர் கொள்கை. அறஞ்செய்தானை நோக்கி 'நீ சின் செய்தாய்' என்று எந்த ஆங்கிலனும் கூறான்.

இனி ஆணவம். ஆதி மனிதன் ஆணை மீறினமையாற் புகுந்து அவன் மரபினர் யாவரையும் பற்றிய கேடே 'ஒரிஜினல் சின்' என்பது. மேலைத் திருச்சபையில் இக்கொள்கையை வகுத்து நிலைபெறுத்தியவர் அகுஸ்தீன் (354–430). கீழைத் திருச்சபையார் முன்னோன் செய்த பழியை மக்கள்மேல் ஏற்றாது, சாவும் நலிவுமே வழிவழி வந்தன என்பர். மேலையாரும் அதனை நோய் எனவும் காயம் எனவும் பேசுவதுண்டு. ஆகலின் அச்சமயத்தார் கொள்கையைப் பழி ஒன்றேயாகச் சுருக்கிக் காட்டுதல் நேர்மையன்று. எனினும், எத்திறத்தார்க்கும் அதற்கு ஒரு தொடக்கம் உண்டு. அத்தொடக்கம் ஒருவன் செய்த செயல்.

ஆணவத்திற்கோ தொடக்கமும் இல்லை, செய்தவனும் இல்லை. செம்பிற் களிம்பு போல அநாதியே உயிரொடு கலந்துநிற்பது அது. சிவஞானசித்தியார் மும்மலத்திற்கு நெல்லின் முளையையும் தவிட்டையும் உமியையும் உவமை காட்டும். நாஞ்சில் நாட்டு வயல்களிற் பிறந்து வளர்ந்தார்க்கு இவ்வுவமை விரித்துரைக்க வேண்டுவதின்று. உமி நெல் செய்த குற்றமன்று. உமியுடைமை பற்றி நெல்லை எவரும் ஒறுப்பதுமில்லை. குத்துவோர் குத்துவது அரிசி வேண்டியே.

உவமையளவில் அமையாதார்க்கு நூலே மற்றொரு சான்று தருகின்றது. உயிர்கள் விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என மூவகைப்படும். அவருள் விஞ்ஞானகலர்க்குக் கன்மமும் இல்லை, மாயையும் இல்லை. ஆணவம் ஒன்றே உண்டு. செயலே இல்லாத இடத்தும் கட்டு இருக்கின்றது. 'சின்' என்னும் சொல் இவ்விடத்து நிற்குமாறு எங்ஙனம்? ஆணவத்தை அச்சொல்லாற் பெயர்த்தோர் விஞ்ஞானகலரை எப்பெயரால் அழைப்பர் என்பது விளங்கவில்லை.

சொல்லளவில் ஒழியும் பிழையாயின் இத்துணை விரிக்க வேண்டா. ஆணவம் குற்றமெனப்படின் உயிர் குற்றவாளி, இறைவன் நீதிபதி, திருவருள் மன்னிப்பு. பிறவியும் தண்டனையாகவே முடியும். சித்தாந்தமோ தனுகரண புவன போகங்களை இருளிற் கிடந்த உயிர்க்கு இறைவன் தந்த விளக்கெனக் கொள்ளும். மறைத்தலையும் அருட்செயல் எனவே கூறும். திருவருட்பயனில் உமாபதிசிவம் மலத்தைப் பற்றிய அதிகாரத்திற்கு இருண்மலநிலை என்றே பெயரிட்டு, அதன்பின் அருளது நிலையை வைத்தார். புறவிருள் பிறபொருளை மறைப்பினும் தன்னையேனும் காட்டும். ஆணவம் தன்னையும் காட்டாது என்பது ஆண்டுப் பெறப்படும். இருளுக்கு மாறு ஒளியே, மன்னிப்பன்று.

அற்றேல், அடியார்கள் தம்மைக் குற்றவாளிகளாகக் கூறி அழுதது என்னை எனின், அவர் அழுதது தாம் செய்தவற்றிற்காக, அவை தீவினைப்பாற்படும். ஆண்டுப் 'சின்' என மொழிபெயர்ப்பினும் இழுக்கின்று.

இக்குழப்பம் ஒரு பக்கத்தது மட்டுமன்று. மரியன்னை சென்மப்பாவமின்றித் தம் தாயின் கருவில் உற்பவித்ததாகப் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் 1854-இல் அறுதியிட்ட கொள்கையைத் தமிழ்க் கத்தோலிக்கர் அமலோற்பவம் என வழங்குவர். பாவத்தின் இடத்தில் மலத்தை வைத்து அமைந்த அழகிய சொல் அது. சைவன் செவிக்கு மட்டும் அது சிறிது இடறும். உற்பவமுடையது எதுவும் மலமுடையது என்பதும், அமலனாவான் பிறவாதவன் என்பதும் அவன் கேட்டுப் பழகியவை.

'ஒரிஜினல் சின்' பொருந்தாதெனக் கண்டோர் சிலர் 'ஈகோயிசம்' என்றனர். 'பிரைடு' எனினும் ஒக்கும். இவையும் செருக்கையே குறிப்பன. ஆணவமோ அணு என்பதன் அடியாக வந்தது. வியாபகமாகிய உயிரை அணுப்போற் சிறுமைப்படுத்துவது என்பது அதன் பொருள். ஆங்கிலேயரை நோவதிற் பயனில்லை. இன்று நாகர்கோவிற் கடைத்தெருவிலும் ஆணவம் என்றாற் செருக்கு என்பதே பொருள். பணிவுடையான் ஒருவனைச் சுட்டி 'அவனுக்கு ஆணவமே இல்லை' என்று புகழ்கின்றனர். மெய்கண்டார் வழியில் நின்று நோக்கின், தன்னைச் சிறியனென்றே எண்ணிக் கிடக்கும் அவனிடத்தும் அது குறைவின்றி உண்டு.