காலச்சக்கரமும் கதையோட்டமும்

நெடிய புதினம் ஒன்று தொலைக்காட்சித் தொடராக உருமாறும்போது இருவகைக் குறைகள் எழுவதைக் காண்கிறோம். நூலைப் படித்தோர், கதை சிதைந்துவிட்டது என வருந்துவர். படியாதோர், கதை விளங்கவில்லை எனச் சலிப்பர். இவ்விரு குறைகளுக்கும் வேர் ஒன்றே என்பது நம் கருத்து. கதைக்குரிய காலத்தை எவ்விடத்தில் விரிப்பது, எவ்விடத்தில் சுருக்குவது என்னும் பங்கீட்டில் நேரும் பிழையே அவ்வேர். இப்பங்கீட்டையே ஈண்டுக் கதையோட்டம் என்கிறோம். விரைவு என்பது வேறு, கதையோட்டம் என்பது வேறு. விரைந்து செல்லும் காட்சி அலுப்பூட்டுவதும் உண்டு. அசையாது நிற்கும் காட்சி நெஞ்சை அள்ளுவதும் உண்டு.

இவ்வுண்மையை ஆராய்தற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டன் படைத்த 'தி வீல் ஆஃப் டைம்' என்னும் மாயப் புனைகதை வரிசை. 'காலச்சக்கரம்' எனத் தமிழில் இதனைக் குறிக்கலாம். 1990-இல் முதல் நூலும் 2013-இல் பதினான்காம் நூலும் வெளிவந்தன. இடையே 2004-இல் முன்கதை நூல் ஒன்றும் வந்தது. மொத்தம் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இதனை அமேசான் பிரைம் நிறுவனம் 2021 நவம்பர் முதல் தொடராக வெளியிட்டது. பருவத்திற்கு எட்டுப் பகுதிகள் வீதம் மூன்று பருவங்கள் வந்தன. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், கதை பாதியும் எட்டாத நிலையில், தொடர் நிறுத்தப்பட்டது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். முதல் நூலை வாய்விட்டுப் படித்து முடிக்க ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். முதற் பருவத்திற்குக் கிடைத்ததோ ஏறத்தாழ எட்டு மணி. மூன்று பருவங்களின் கால அளவையும் கூட்டினாலும், முதல் நூலைப் படிக்கும் நேரத்திற்கு அது ஈடாகாது. நூலுக்கொரு பருவம் என வகுத்துப் பருவங்களுக்கிடையே ஈராண்டு இடைவெளி விட்டால், கதை முடியக் கால் நூற்றாண்டு கடந்துவிடும். இளைஞராக நடிக்கத் தொடங்கியோர் நடுவயதை எட்டிவிடுவர். ஆகவே சுருக்கியதற்காகத் தொடரை ஆக்கிய ரேஃப் ஜட்கின்ஸை எவரும் குறைகூற இயலாது. எதைச் சுருக்கினார், மிஞ்சிய காலத்தை எதற்கு ஈந்தார் என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய வினா.

நூலில் தலைவன் ரேண்ட் தன் சிற்றூரை விட்டுப் புறப்படுதற்கு ஏறத்தாழப் பத்து அத்தியாயங்கள் ஆகின்றன. அவ்வூரின் விழா ஏற்பாடு, வழிப்போக்கு வணிகனின் வருகை, தந்தையின் பண்ணை ஆகிய யாவும் நமக்குப் பழக்கமானபின்னரே இருள் சூழ்கிறது. அதனால், பின்னர் எங்கெங்கோ அலையும்போதும் அவ்வூரை அவன் எண்ணி ஏங்குவது நமக்கும் ஏக்கமாகிறது. தொடரிலோ முதற் பகுதி முடிவதற்குள் ஊர் அறிமுகமாகி, தாக்கப்பட்டு, துறக்கவும் படுகிறது. நாம் அறிந்திராத ஊரின் இழப்பு நமக்கு எங்ஙனம் இழப்பாகும்?

இவ்வாறு மிச்சப்படுத்திய காலம் எங்கே சென்றது? மறுபிறவி எடுத்த வீரர் யாவர் என்னும் மறைபொருளைத் தொடர் ஐவரிடையே பரப்பி, ஏழாம் பகுதி வரை நீட்டித்தது. நூலின் பெரும்பகுதியை ரேண்டின் கண்வழியே கண்ட வாசகர், தொடரில் அவனை ஓர் ஓரத்தில் நிற்கக் கண்டனர். நூலில் பெரின் மணமாகாதவன். தொடரில் அவனுக்கு மனைவி ஒருத்தியைப் படைத்து, அவன் கையாலேயே மடியச் செய்தனர். ஆழ்ந்து ஆராயவேண்டிய அத்துயரைத் தொடர்ந்து காட்டவும் அவர்களுக்குப் பொழுதில்லை. ஐந்தாம் பகுதியிலோ, தன் தலைவியை இழந்த ஸ்டெப்பின் என்னும் காவல்வீரனின் துயருக்கும் இறுதிச் சடங்கிற்கும் நெடுநேரம் ஒதுக்கினர். முதல் நூலில் இந்நிகழ்ச்சி இல்லை. அக்காட்சி உருக்கமானது என்பதை மறுப்பதற்கில்லை; காவல்வீரர்க்கும் அவர்தம் தலைவியர்க்கும் உள்ள பிணைப்பை அது நன்கு உணர்த்துகிறது. ஆயினும் நேற்று அறிமுகமான ஒருவனுக்காக நாம் அழ, கதைத் தலைவனோ நமக்கு அயலானாகவே நிற்கிறான். எட்டு மணியே உள்ள இடத்தில் இது பெருஞ்செலவு.

நடுநிலை தவறாது மற்றொன்றும் கூறவேண்டும். 2020-இல் பெருந்தொற்றினால் படப்பிடிப்பு தடைப்பட்டது. முதன்மை நடிகர் ஒருவர் முதற் பருவத்தின் இடையே விலக, இரண்டாம் பருவத்தில் வேறொருவர் அவ்வேடம் ஏற்றார். முதற் பருவத்தின் இறுதிப் பகுதிகள் தடுமாறியமைக்கு இவையும் காரணங்கள்.

இனித் தொடரின் சிறந்த பகுதிக்கு வருவோம். மூன்றாம் பருவத்தின் நான்காம் பகுதியில், ரூயிடியன் என்னும் பாலைநிலத்துப் புனித நகரில், ரேண்ட் கண்ணாடித் தூண்களினூடே நடக்கிறான். ஒவ்வோர் அடியிலும் தன் முன்னோர் ஒருவரின் கண்வழியே, காலத்தில் பின்னோக்கிச் செல்கிறான். போரையே வாழ்வாகக் கொண்ட அயீல் குடியினர், முற்காலத்தில் படைக்கலம் ஏந்தாத தொண்டர்களாய் இருந்தனர் என்னும் உண்மை படிப்படியாகப் புலனாகிறது. 1992-இல் வந்த நான்காம் நூலில் ஒரு சில அத்தியாயங்களே கொண்ட இந்நிகழ்ச்சிக்குத் தொடர் ஒரு பகுதியின் பெரும்பொழுதை ஈந்தது. ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கி என்னும் நடிகர் முன்னோர் வேடங்களையும் தாமே ஏற்று நடித்தார். போர்க்களமோ ஆரவாரமோ மிகுதியாக இல்லை. எனினும் கண்ணிமைக்க மனம் வரவில்லை. தலைவன் அறிவதை நாமும் அவனோடு அறிகிறோம் என்பதே அதன் வெற்றி. காலத்தை உரிய இடத்தில் செலவிட்டால் மந்தமும் விறுவிறுப்பாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஒப்புநோக்க 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் முதல் நூலுக்குப் பத்துப் பகுதிகள் கொண்ட ஒரு பருவத்தையும், மூன்றாம் நூலுக்கு ஏறத்தாழ இரு பருவங்களையும் ஒதுக்கியபோது அது தழைத்தது. தொடக்கத்தில் அரசன் வடபுலம் சேர ஒரு திங்கள் பயணம் செய்தான். அத்தொலைவே நாட்டின் பரப்பையும் அரசியலின் இடரையும் உணர்த்திற்று. 2017-இல் வந்த ஏழாம் பருவத்திலோ, உறைந்த ஏரியில் சிக்கியோர்க்காகப் பறவை செய்தி கொண்டு பறந்து, அரசி பெருந்தொலைவு கடந்து உரிய நொடியில் வந்து சேர்கிறாள். தொலைவு அழிந்தபோது இடரும் அழிந்தது. அங்குக் குறைந்தது பருவத்தின் பகுதிகள் மட்டுமன்று, நம்பிக்கையும் குறைந்தது.

நம் நாட்டு அனுபவமும் இவ்விடத்து நினைவுகூரத் தக்கது. 1988 முதல் 1990 வரை ஞாயிறுதோறும் தூர்தர்ஷனில் வந்த பி. ஆர். சோப்ராவின் மகாபாரதம் 94 பகுதிகள் கொண்டது. அதில் காலமே கதைசொல்லியாக அமைந்தது. பல்லாண்டுகளைச் சில சொற்களில் கடக்கவும், ஒரு சபையின் சில நாழிகைகளைப் பல வாரம் விரிக்கவும் அவ்வுத்தி இடந்தந்தது. கதை முன்னரே அறிந்த மக்கள் அவ்விரிவைப் பொறுமையுடன் ஏற்றனர். கதை அறியாதோரையும் உடனழைத்துச் செல்லவேண்டிய புதிய தொடருக்கு அவ்வசதி இல்லை என்பதையும் மறத்தலாகாது.

நூலாசிரியர் மட்டும் காலத்தைச் செம்மையாகப் பங்கிட்டாரா என வினவலாம். இல்லை. 2003-இல் வந்த பத்தாம் நூலின் பெரும்பகுதி, முந்தைய நூல் கூறிய நாட்களையே வேறு மாந்தர்வழி மீண்டும் கூறி, அன்புள்ள வாசகரையும் சோர்வுறச் செய்தது. ஆயினும் படிப்போன் பக்கங்களைப் புரட்டிக் கடக்கலாம். நூலின் ஓட்டத்தில் பாதி அவன் கையில் உள்ளது. காண்போனுக்கு அவ்வுரிமை குறைவு. ஜோர்டன் 2007-இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் மூன்று நூல்களில் கதையை நிறைவு செய்தார். எழுத்துக்கு இவ்வாறு மற்றொரு கை உதவலாம். நடிகர், அரங்கம், பெரும்பொருள் யாவும் கலைந்த தொடரை எக்கை எடுத்து முடிக்கும்?

இதுவே நம்மை வருத்துவது. மெல்ல நடந்த ஆசிரியரும் முடிவைக் காணவில்லை; விரைந்தோடிய தொடரும் முடிவைக் காணவில்லை. ஓடக் கற்றதை விட்டு நிற்கக் கற்ற மூன்றாம் பருவத்திலேயே தொடர் தன் நடையைக் கண்டது. கண்டவுடன் நின்றும் போயிற்று. நெடுங்கதையைத் திரைக்குக் கொணர்வோர்க்கு நாம் கூறவிரும்புவது ஒன்று. காப்பியத்தின் காண்டம் தன்னளவில் முழுமை உடையதாய், அடுத்த காண்டத்திற்கு வாயிலாகவும் நிற்பதுபோல, ஒவ்வொரு பருவமும் அமைதல் வேண்டும். நாளை வருமென நம்பி இன்றைய கதைத் தலைவனை ஓரத்தில் நிறுத்தலாகாது. நாளை யாருக்கும் உறுதியன்று.