ஓட்டைத் தகட்டின் மேல் ஒரு பைத்தியம்

மார்கழி பிறப்பதற்கு முந்தைய வாரம் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்கு ஒரு நடை வந்து பாருங்கள். காய்கறி, பூ, பாத்திரம், நைட்டி என்று நெரிபடும் அந்தத் தெருவில் கோலப்பொடி மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே கோல அச்சுகள் குவிந்து கிடக்கும். தகரத் தட்டு, பிளாஸ்டிக் தட்டு, கைப்பிடி வைத்த சல்லடை, உருட்டினால் கரை போடும் குழல். மயில், தாமரை, குத்துவிளக்கு, சங்கு, கிருஷ்ண ஜெயந்திக்கு விற்றது போக மிச்சமிருக்கும் குட்டிப் பாதங்கள். வருகிறவர்கள் எல்லாரும் வாசலுக்கு வாங்குவார்கள். நான் நோட்டுக்கு வாங்குகிறேன்.

"இந்த வருஷமும் பேப்பருக்குத்தானாக்கா?" என்று கடைக்காரப் பெண் சிரிப்பாள். ஆமாம், பேப்பருக்குத்தான். வீட்டில் அரிசி டப்பாவை விட ஸ்டென்சில் டப்பா பெரிது என்று என் கணவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கொஞ்சம்தான்.

நான் வைத்திருப்பது ஆர்ட் ஜர்னல். டைரிதான், ஆனால் எழுத்து அதில் பாதிதான். மீதிப் பாதி நிறம், ஒட்டிய ரயில் டிக்கெட், மளிகைக் கடைச் சீட்டு, காய்ந்த இலை. கெட்டியான காகிதம் வேண்டும். புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தார் 1959-லிருந்து கையால் செய்துவரும் காகிதத்தில் ஒரு நோட்டு கிடைத்துவிட்டால் அன்று எனக்குத் தீபாவளி. அந்த நோட்டின் வெற்றுப் பக்கத்தைப் பார்த்ததும் கை நடுங்குகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தப் பயத்தை ஒரே நிமிடத்தில் போக்கும் மருந்து இந்த ஓட்டைத் தகடு. தகட்டை வைத்து, நிறத்தை ஒற்றி, எடுத்துப் பாருங்கள். பக்கம் இனி வெற்றுப் பக்கம் இல்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று அதுவே உங்களிடம் பேச ஆரம்பித்துவிடும்.

கோலத் தகட்டின் வழியாகக் கோலப்பொடிதான் போகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நான் முதலில் அனுப்பியது ஃபில்டர் காபி டிகாக்‌ஷன். இரண்டாம் டிகாக்‌ஷனை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றித் தாமரைத் தகட்டின் மேல் லேசாக அடித்தால், பழைய ஓலைச்சுவடி நிறத்தில் ஒரு தாமரை. அந்தப் பக்கம் காய்ந்த பிறகும் காபி மணக்கும்! அதன் மேல் தகட்டைக் கால் விரற்கடை தள்ளி வைத்து, அக்ரிலிக் நீலத்தை ஒற்றினால் தாமரைக்கு நிழல் விழுந்துவிடும். தகட்டில் ஒட்டியிருக்கும் மிச்ச நீலத்தைக் கழுவிக் கொட்டுவது பாவம். ஈரம் காய்வதற்குள் எதிர்ப்பக்கத்தில் கவிழ்த்து அழுத்துங்கள். கண்ணாடியில் தெரிவது மாதிரி திரும்பிய தாமரை அங்கே இலவசம். எழுத்துகளுக்கு மட்டும் இந்த வித்தை ஆகாது.

இதைவிடப் பெரிய போதை ஒன்று உண்டு: மேடு. கடையில் டெக்ஸ்சர் பேஸ்ட் என்று விற்கிறார்கள், நான் வீட்டிலேயே குழைக்கிறேன். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடர், ஃபெவிகால், கொஞ்சம் வெள்ளை அக்ரிலிக். தோசை மாவை விடக் கெட்டியாக வரவேண்டும். காலாவதியான ஏடிஎம் கார்டால் அதைத் தகட்டின் மேல் ஒரே வீச்சில் வழித்து, இட்லித் தட்டிலிருந்து ஆவி பறக்கும் இட்லியை எடுக்கும் நிதானத்தோடு தகட்டைச் செங்குத்தாகத் தூக்கவேண்டும். அந்த நொடி இருக்கிறதே! காகிதத்திலிருந்து மயில் எழுந்து நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்க்கலாம். நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும், ஐப்பசி மழையில் மட்டும் ஒரு ராத்திரி மின்விசிறிக்குக் கீழே விட்டுவைக்க வேண்டும். தகட்டை உடனே தண்ணீரில் போட்டுவிடுங்கள். ஃபெவிகால் இறுகிவிட்டால் துளைகளுக்கு விமோசனம் இல்லை.

வாங்கிய தகடுகளோடு ஆசை நிற்குமா? சொந்தமாக வெட்டத் தொடங்கினேன். அங்கேதான் பைத்தியம் முற்றியது.

வெட்டுவதற்கு ஓஎச்பி ஷீட் போதும், ஸ்டேஷனரி கடையில் ஒற்றையாகவே தருவார்கள். அதைவிட உழைப்பது பழைய எக்ஸ்ரே ஃபிலிம். டிஜிட்டல் காலத்துக்கு முந்தைய ஃபிலிமைக் கையுறை போட்டு பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்தால் கறுப்புப் பூச்சு உரிந்து, இளநீலத்தில் பளிங்கு மாதிரி ஒரு தகடு மிஞ்சும். எங்கள் குடும்பத்து முழங்கால்களும் தோள்பட்டைகளும் இன்று பூவாகவும் பறவையாகவும் மாறியிருக்கின்றன. கீழே ஒரு கண்ணாடித் துண்டு, கையில் கூரான கட்டர். கத்தியைத் திருப்பாமல் ஷீட்டைத் திருப்பவேண்டும். சின்னத் துண்டுகளை முதலில் வெட்டி, பெரியவற்றைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் ஷீட் தொய்யாது.

வெட்ட ஆரம்பித்தவர்கள் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு வட்டத்தை வளையமாக வெட்டினால் நடுத்துண்டு கீழே விழுந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ள எங்காவது வெட்டாமல் ஒரு சின்னப் பாலம் விடவேண்டும். ஸ்டென்சில் கலை மொத்தமும் இந்தப் பாலத்தை எங்கே விடுவது, எப்படி ஒளிப்பது, எப்படி அழகாக்குவது என்பதில்தான் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்வேன். இது புரிந்த நாளிலிருந்து எங்கே பார்த்தாலும் பாலம்தான் கண்ணில் படுகிறது. தாம்பரம் நிலையத்தில் நிற்கும் ரயில் பெட்டியின் முனையில், பணிமனைக்குத் திரும்பவேண்டிய தேதியை அச்சு வைத்து எழுதியிருப்பார்கள். சுழியன் இரண்டாகப் பிளந்து நிற்கும். மதில் சுவரில் 'விளம்பரம் செய்யாதீர்' என்ற எழுத்துகளில் சுழி ஒவ்வொன்றும் விட்டுவிட்டு நிற்கும். முன்பெல்லாம் அதைப் பெயின்ட் அடித்தவரின் அவசரம் என்று நினைத்திருக்கலாம். அது அவசரம் இல்லை, பாலம்.

கோலத் தகட்டில் ஏன் கோடே இல்லாமல் ஊசித்துளைகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன என்பதும் இப்போது விளங்கும். சிக்குக் கோலத்தின் இழை புள்ளியைச் சுற்றி வளைந்து தன்னிடமே திரும்பி வருகிறது. அதைக் கோடாக வெட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் உதிர்ந்து போகும். துளைத் துளையாகப் போட்டால் இரண்டு துளைக்கு நடுவில் இருக்கும் இடம் அத்தனையும் பாலம். யார் முதலில் யோசித்தார்களோ, அந்தக் கைக்கு ஒரு கும்பிடு! நம் தெருக்களில் ஆரி ஒர்க் போடும் கடைகளிலும் இதே யுக்திதான். டிசைனை ட்ரேசிங் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பவுடரைத் துணியால் தேய்க்கிறார்கள். மாங்காயும் கொடியும் பிளவுஸ் துணியில் புள்ளி புள்ளியாக இறங்குகின்றன. எடிசன் 1876-ல் காப்புரிமை வாங்கிய மின்சாரப் பேனாவும் இதுதான்: மோட்டாரில் ஓடும் ஊசி காகிதத்தைத் துளைத்துக்கொண்டே போகும், அந்தத் துளைகள் வழியாக மை இறங்கிப் பிரதி விழும். அதன் வாரிசான சைக்ளோஸ்டைல் ஸ்டென்சிலில் எங்கள் தலைமுறை பரீட்சைக் கேள்வித்தாள் வாங்கியிருக்கிறது. ரிப்பனை விலக்கிவிட்டு டைப் அடித்தால் மெழுகு மட்டும் விலகும், அடியில் இருக்கும் நார் நடுத்துண்டைப் பிடித்துக்கொள்ளும். அதிலும் ஓங்கி அடித்தால் சுழியன் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

ஜப்பானில் கிமோனோ துணிக்கு நிறம் போட வெட்டும் கத்தகாமி என்ற ஸ்டென்சிலில், அங்கே 'காக்கி' என்று சொல்லும் பழத்தின் துவர்ப்புச் சாற்றில் ஊறவைத்த காகிதத் தாள்களைப் பயன்படுத்துகிறார்கள். அந்தரத்தில் நிற்கும் துண்டுகளைத் தாங்க இரண்டு தாளுக்கு நடுவே பட்டு நூல் வைத்து ஒட்டினார்கள். நிறம் நூலைச் சுற்றிக்கொண்டு போய்விடும், பாலம் இருந்த சுவடே தெரியாது. அந்த நூலை நெருக்கி நெருக்கி முழுத் துணியாகவே ஆக்கிவிட்டால் அதுதான் ஸ்கிரீன் பிரிண்டிங். கல்யாண வீட்டில் வாங்கி வரும் தாம்பூலப் பையில் மாப்பிள்ளை பெண் பெயர் சுழி பிசகாமல் இருப்பதற்குக் காரணம் அந்த வலைத்துணி. என் பங்குக்கு நான் எக்ஸ்ரே ஃபிலிமில் தையல் நூலை ஒட்டிப் பார்த்தேன். வேலை செய்கிறது!

இந்தத் தகடுகளை வைத்துக்கொண்டு எங்கள் தென்புறநகரையே நோட்டுக்குள் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். அந்தப் பக்கத்துக்கு ஜன்னல் வரிசையை மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன். அதே தகட்டை ஒவ்வொரு நிலையத்துக்கும் வேறு நிறத்தில் ஒற்றினால் காலை ரயிலும் கடைசி ரயிலும் தனித்தனியாகத் தெரிகின்றன. பல்லாவரத்துக்கு ஒரே ஒரு வடிவம். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற புவியியலாளர் அங்கே செம்மண் சரளையில் கண்டெடுத்த பழங்கற்காலக் கருவி இந்தியாவின் முன்வரலாற்றுக்கே கதவைத் திறந்தது. அதை நினைத்து, கண்ணீர்த்துளி வடிவில் ஒரு கைக்கோடரி வெட்டினேன். பாலமே வேண்டாம், அவ்வளவு சுத்தமான வடிவம். பக்கம் முழுக்கச் செங்காவி நிறத்தில் அதையே ஒற்றி, மேலே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய புத்தகம் வாங்கிய கதையை எழுதினேன்.

வெட்டி எடுத்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது இன்னொரு ஸ்டென்சில். தாம்பரம்–வேளச்சேரி சாலையில் பேருந்து பள்ளிக்கரணையைக் கடக்கும்போது, வரும் பருவத்தில் பூநாரைகளைப் பார்க்கலாம். 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறிய சதுப்புநிலம் அது. பூநாரை வடிவத் துண்டுகளைக் காகிதத்தில் பரப்பி, சுற்றிலும் சாம்பல் நீலத்தைத் தெளித்துவிட்டு எடுத்தால், காகிதத்தின் வெள்ளையே பறவையாக நிற்கும். வேப்பங்கொத்தை வைத்துத் தெளித்தாலும் இதே மாயம். மனிதன் கண்டுபிடித்த முதல் கைவேலைகளில் இதுவும் ஒன்று. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் குகைச் சுவரில் கையை வைத்து, சுற்றிலும் செங்காவியைத் தெளித்துப் பதித்த கை வடிவம் ஒன்றுக்குக் குறைந்தது 39,900 வயது என்று 2014-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. கலர் பாக்ஸ் இல்லாத காலத்திலேயே ஸ்டென்சில் இருந்திருக்கிறது என்று எங்கள் வீட்டில் நான் அறிவித்தபோது, யாரும் எதிர்பார்த்த அளவு ஆச்சரியப்படவில்லை. பரவாயில்லை.

"அச்சு வெச்சுப் போட்டா அது கோலமாடி?" என்று என் அத்தை கேட்பார். விடியற்காலையில் குனிந்து, புள்ளி வைத்து, இழை பிசகாமல் போடுகிறவர் அவர். கேட்க உரிமை உண்டு. வாசலில் அவர் பக்கம்தான் நான். நோட்டில் மட்டும் வேறு நியாயம், அத்தை. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு கத்தரிக்கோலை எடுத்து வண்ணக் காகிதத்தை வெட்ட ஆரம்பித்தார். 1947-ல் அந்த வடிவங்கள் 'ஜாஸ்' என்ற புத்தகமாக வந்தபோது அவற்றை அச்சிட்டது ஸ்டென்சில் வைத்துத்தான். தகடு ஒன்றுதான், பக்கம் ஒவ்வொன்றும் வேறு. எந்த நிறம், எவ்வளவு ஈரம், எதன் மேல் எது, எங்கே பாதியில் நிறுத்துவது என்பதெல்லாம் கையும் கண்ணும் எடுக்கும் முடிவு. என் ஒரே மயில் தகட்டில் இதுவரை இரண்டு மயில்கள் ஒன்றுபோல வந்ததில்லை.

ஆசை வந்துவிட்டதா? பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு, இரண்டு அக்ரிலிக் குப்பி, மாஸ்கிங் டேப், ஒரு தகடு. இவ்வளவுதான் முதலீடு. தகட்டை டேப்பால் ஒட்டுங்கள். ஸ்பாஞ்சை நிறத்தில் தொட்டு, பழைய செய்தித்தாளில் நன்றாக ஒற்றி, இனி ஒன்றுமே மிச்சமில்லை என்று தோன்றும்வரை வற்றவிடுங்கள். பிறகு ஓரத்திலிருந்து உள்நோக்கி மேலும் கீழுமாகத் தட்டுங்கள், இழுக்கவே கூடாது. நிறம் குறையக் குறைய விளிம்பு கூர்மையாகும்.

அடுத்த வாரம் சொந்தத் தகடு. தமிழ் எழுத்தில் தொடங்குங்கள், ஆனால் யோசித்துத் தொடங்குங்கள். க, த, ம, ள, ண எல்லாவற்றுக்கும் வயிற்றில் சுழி, ஒவ்வொன்றுக்கும் பாலம் வேண்டும். ட, ப, ர மூன்றும் தங்கமான பிள்ளைகள், திறந்தே கிடக்கும். எனவே முதல் வார்த்தை 'டப்பா'. இரண்டாவது 'ரப்பர்'. கை பழகியதும் உங்கள் ஊர்ப் பெயரை வெட்டுங்கள். தாம்பரத்துக்காரர்கள் மூன்று சுழியோடு பிழைத்துக்கொள்வோம். பெருங்களத்தூர்க்காரர்களே, உங்களுக்கு மட்டும் ஒரு எக்ஸ்ரே ஃபிலிம் கூடுதலாக எடுத்து வைத்திருக்கிறேன்.