முகமில்லாத உருவப்படம்

சித்திரம் பார்ப்பதில் எனக்கு ஒரு பழைய பிடிவாதம் உண்டு. கதை எழுதுகிறவன் அல்லவா? சட்டத்துக்குள் ஒரு மனிதர் இருக்க வேண்டும். அவர் முகத்தில் ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டும். கோடும் கட்டமும் வர்ணமுமாக இருக்கும் நவீன ஓவியங்களின் முன்னால், மரியாதைக்கு ஒரு நிமிஷம் நின்றுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குப் போயிருந்தபோதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்க ஓவியங்களை அப்படித்தான் கடந்துகொண்டிருந்தேன். ஒரு படம் என்னை நிறுத்திவிட்டது. கன்னங்கரிய பின்னணி. அதன்மேல் கொடிகள், பட்டைகள், குஞ்சங்கள், இரும்புச் சிலுவைப் பதக்கம், சதுரங்கக் கட்டங்கள், எண்கள். எல்லாம் தடித்த பூச்சில், மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. திருவிழா முடிந்து தோரணங்களை மூட்டை கட்டிவைத்தது போல் இருந்தது. நல்ல அலங்காரம் என்று எண்ணிக்கொண்டே பெயர்ச்சீட்டைப் படித்தேன். மார்ஸ்டன் ஹார்ட்லி, ‘ஒரு ஜெர்மன் ராணுவ அதிகாரியின் உருவப்படம்’, 1914.

அந்தப் பெயரை நான் அதுவரை கேட்டதில்லை. பிறகுதான் விவரம் தெரிந்தது. 1877-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர். பெர்லினில் வாழ்ந்தபோது கார்ல் ஃபான் ஃப்ரைபர்க் என்ற இளம் அதிகாரியிடம், நட்பு என்ற சொல்லில் அடங்காத அன்பு வைத்திருந்தார். 1914 அக்டோபரில் அந்த இளைஞர் போர்முனையில் மாண்டார். அதற்குப் பின் தீட்டியது இது. மூலையில் இருப்பவை அவர் பெயரின் முதலெழுத்துகள். 24, அவர் இறந்த வயது. 4, அவருடைய ரெஜிமெண்ட். கட்டங்கள், அவர் பிரியமாக ஆடிய சதுரங்கம். படத்தின் உயரம் 5 அடி 8 அங்குலம். ஓர் ஆள் உயரம்!

ஆள் போன பிறகும் கொடியில் தொங்கும் சட்டையைப் பார்த்திருக்கிறவர்களுக்கு, இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

கதை தெரிந்ததனால்தானே படம் பெரிதாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். இல்லை என்றே நினைக்கிறேன். கதை தெரியுமுன்பே நான் நின்றுவிட்டேனே! 1916-ல் ஸ்டீக்லிட்ஸ் இப்படங்களை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தபோது, இவற்றில் மறைபொருள் ஏதும் இல்லை என்று ஹார்ட்லியே சொன்னார். ஜெர்மனியின்மேல் வெறுப்பு வளர்ந்துவந்த காலம். வெளியில் சொல்ல முடியாத அன்பு. அவர் மறுத்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கறுப்பும் அந்த நெருக்கமும் மறுக்கவில்லை.

ஒரு குறையும் எனக்குத் தோன்றுகிறது. அந்த இளைஞரைக் கொன்ற ராணுவத்தின் பகட்டையே ஹார்ட்லி மோகித்து வரைந்திருக்கிறார். பதக்கம் இன்னும் மினுக்குகிறது. துக்கமும் மோகமும் இதில் சமாதானமாகவில்லை. ஒருவேளை அதனால்தான் படம் பொய்யாகவும் இல்லை.

என் நாவல்களில் எத்தனையோ பேர் பக்கம் பக்கமாக வசனம் பேசி இறந்திருக்கிறார்கள். ஒருவருடைய செருப்பாவது வாசலில் கிடந்ததாக நான் எழுதியதில்லை.